தலைக்கு எவ்வளவு புகை?

உலகம் வெப்பமடைவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், சீனாவையும் இந்தியாவையும் சுட்டிக்காட்டுவோர் பலர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்துக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும் நாடுகளில் இன்று சீனா முதலாவது, ஐக்கிய அமெரிக்கா இரண்டாவது, இந்தியா மூன்றாவது என்பது உண்மைதான். ஆனால் நாட்டை நாட்டோடு ஒப்பிடும் இந்தக் கணக்கு நியாயமானதா?

நிவாரண அரிசி பங்கிடும் முறையை நாம் அறிவோம். எட்டுப் பேர் உள்ள குடும்பம் இரண்டு பேர் உள்ள குடும்பத்தைவிடக் கூடுதலாகப் பெற்றது என்று எவரும் குறைகூறுவதில்லை. தலைக்கு எவ்வளவு என்பதே கேள்வி. புகைக்கும் அதுவே நீதி.

அப்படிப் பார்த்தால் படம் மாறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1973இல் ஆளொருவருக்கு ஏறத்தாழ 22 தொன். 2023இல் ஏறத்தாழ 14 தொன். பிரித்தானியாவில் 1970களின் தொடக்கத்தில் 11 தொன்னுக்கு மேல் இருந்தது, இன்று 5 தொன்னுக்கும் குறைவு. சீனாவில் 1990இல் 2 தொன் அளவில் இருந்தது 8 தொன்னைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் இன்றும் 2 தொன் அளவே. நமது இலங்கையில் 1990இல் கால் தொன்னை ஒட்டியிருந்தது; இப்போதும் ஏறத்தாழ ஒரு தொன்தான்.

பிரித்தானியா குறைத்தது பாராட்டத்தக்கதே. அதன் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது. எனினும் அங்கு வாங்கும் பொருட்களில் பல வேறு நாடுகளில் உற்பத்தியாகின்றன. அந்தப் புகை உற்பத்தி செய்யும் நாட்டின் பெயரிலேயே பதிவாகிறது.

மேலும், கடைக் கொப்பியில் பழைய கடன் இருக்க, இந்த மாதம் குறைவாக வாங்கினேன் என்று சொல்வதால் கடன் தீராது. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்திலேயே தங்கிவிடுகிறது. கைத்தொழில் புரட்சிக் காலம் முதல் வெளியான மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. உலக சனத்தொகையில் அந்நாட்டின் பங்கோ நூற்றுக்கு நான்கு அளவே.

ஆனால் தலைக்கணக்கும் ஒரு சராசரிதான் என்பதை மறக்கலாகாது. குளிரூட்டிய மாளிகையில் இருப்பவரும், தகரக் கொட்டிலில் குப்பி விளக்கோடு இருப்பவரும் அதில் ஒரே தலையாகவே எண்ணப்படுகின்றனர். நாடுகளுக்கிடையே நாம் கேட்கும் நீதியை நாட்டுக்குள்ளும் கேட்க வேண்டும்.

காலம் தவறிய மழையாலும் வரட்சியாலும் முதலில் அடிபடுபவர் கமக்காரரே. 2022இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, இத்தகைய இழப்புகளுக்கென ஒரு நிதியத்தை அமைக்க இணங்கியது. அடுத்த ஆண்டு துபாயில் அது செயல்வடிவம் பெற்றது. அந்த நிதியை நாம் பிச்சையாகக் கருத வேண்டியதில்லை. அது பழைய கடனின் ஒரு சிறு பகுதி. அதிலிருந்து இலங்கைக்கு ஏதும் கிடைக்குமானால் அது யாரைச் சென்றடையும்? காணி உறுதி கையில் இல்லை, பதிவு வேறு மாவட்டத்தில் உள்ளது என்ற காரணங்களால் இடம்பெயர்ந்த கமக்காரர் பட்டியலில் விடுபடக்கூடாது. மிகக் குறைவாகப் புகைத்தவரே மிகக் கூடுதலாக இழக்கிறார். அவரது பெயர் பட்டியலில் முதலில் வரவேண்டும். இதை நமது கமக்காரர் அமைப்புகள் இப்போதே பேசத் தொடங்கட்டும்.