வெறுமையான முன்னணை

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட நாட்களைத் திருச்சபை திருவருகைக் காலம் என வழங்குகிறது. குருவானவர் ஊதாநிற உடை அணிவதும், ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடப்படாமையும் இது காத்திருக்கும் காலம் என்பதை உணர்த்தவேயாம்.

நம் பள்ளிகளில் நிகழ்வது யாது? அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் நெருக்குதலின், டிசம்பர் நடுவிலேயே குடில் எழுகிறது, குழந்தை கிடத்தப்படுகிறது, இனிப்பு வழங்கப்படுகிறது. வரவிருக்கும் விருந்தினரை வந்துவிட்டாரெனக் கொண்டாடிக் கலைகின்றோம்.

யாம் பள்ளியிற் பயின்ற நாளில், இவ்விழாவன்று புத்தாடையின்றி வாயிலிலேயே நின்றான் ஒரு தோழன். யாமோ கண்டும் காணாதார்போற் குடிலருகே பாடிக்கொண்டிருந்தோம். அதனை எண்ணுந்தோறும் நாணுகின்றோம். ஆயத்தமின்றிக் கொண்டாடுவதன் குறை இதுவே.

விழா வேண்டாமென்பது எம் கருத்தன்று. பிற சமயத் தோழரோடு கூடி மகிழும் நாளை இழக்க விரும்போம். முன்னணை மட்டும் வெறுமையாய் இருக்கட்டும். 1223-ஆம் ஆண்டில், இத்தாலியின் கிரேச்சியோ என்னுஞ் சிற்றூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலிட்ட முன்னணையும், எருதும், கழுதையுமே கொண்டு அவ்விரவைக் கொண்டாடினார், பதுமைகள் வைத்தாரல்லர்.

நம் மாணவரும் நற்செயல் ஒன்றிற்கு ஒரு வைக்கோலாக நாள்தோறும் அதில் இடுவாராக. பின்தங்கிய தோழனுக்குத் தேர்வின் முன்னே ஒரு மாலைப்பொழுதை ஈந்தவனும், வாயிலில் நின்றவனைக் கைப்பற்றி உள்ளழைத்தவனும் இடும் வைக்கோல் பொன்னினுஞ் சிறந்ததன்றோ? விடுமுறைக்குப் பிரியும் நாளில் வெறும் முன்னணையைக் கண்டு செல்வோர், அக்காத்திருத்தலையுந் தம் இல்லங்களுக்குக் கொண்டு செல்வர்.