தலைக்கு மேலே போகும் மின்சாரம்



தோட்டத்தில் வளர்ந்த பழைய ஆட்களுக்கு ஒரு சத்தம் மறக்காது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆலைப் பக்கத்து ஜெனரேட்டர் இருமி இருமி நிற்கும். லயம் முழுக்க இருட்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கைத் தேடும். அந்த நினைவோடு என்னுடன் கொஞ்சம் ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள்.

மொசாம்பிக் நாட்டில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே கஹோரா பாஸா என்று ஓர் அணை இருக்கிறது. போர்த்துக்கீசியர் ஆட்சியில் 1969-இல் கட்டத் தொடங்கினார்கள். 1975-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது அணை எழும்பி நின்றது. அதன் சக்தி 2,075 மெகாவாட். அந்த மின்சாரம் யாருக்குப் போனது தெரியுமா? பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவுக்கு! ஜொகானஸ்பர்க் பக்கம் வரை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். நம் கணக்கில் சொன்னால் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பி வருகிற தூரம்.

கம்பி குடிசைகளின் தலைக்கு மேலேயே போனது. கீழே விளக்கு எரியவில்லை. "ஒரு வயரை மாட்டி எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பீர்கள். முடியாது. அதில் ஓடுவது ஐந்து லட்சம் வோல்ட்டுக்கும் மேலே. வீட்டு விளக்குக்கு அதை இறக்கிக் கொடுக்கப் பெரிய மின்நிலையம் வேண்டும். ஊருக்கு ஊர் அதைக் கட்டப் பணம் ஏது?

அதற்குள் உள்நாட்டுப் போர் வந்தது. 1980-களில் ஏறக்குறைய 2,000 கம்பி கோபுரங்களைச் சாய்த்துவிட்டார்கள். அணை இருந்தது, தண்ணீர் இருந்தது, மின்சாரம் போக வழியில்லை. 1992-இல் சமாதானம் ஆகியும், 1990-களின் கடைசியில்தான் அந்தக் கம்பியில் மறுபடி மின்சாரம் ஓடியது. அணையின் பெரும் பங்கு போர்த்துகலிடமிருந்து மொசாம்பிக் கைக்கு வர 2007 ஆயிற்று.

இன்னொரு வேடிக்கை. அணை வடக்கே, தலைநகர் மாபுத்தோ தெற்கே. நாட்டுக்குள்ளேயே நேராகக் கம்பி இல்லாததால், சொந்த மின்சாரம் தென்னாப்பிரிக்கா போய்ச் சுற்றிக்கொண்டு மாபுத்தோ வந்தது. நம் கிணற்றுத் தண்ணீரை அடுத்த வீட்டுக் குழாயில் பிடிப்பது போல!

அதற்காகப் பக்கத்து நாட்டோடு கம்பி இணைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1995-இல் தென் ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து ஒரு மின்சாரக் கூட்டமைப்பை உண்டாக்கின. மிஞ்சியவர் விற்பார், குறைந்தவர் வாங்குவார். கூட்டுக் கட்டுவது மாதிரிதான். 2024-இல் மழை பொய்த்துக் கரீபா அணை வற்றியபோது, ஸாம்பியா மக்கள் நாளின் பெரும்பகுதியை இருட்டில் கழித்தார்கள். அந்த நேரம் அண்டை நாடுகளிடம் வாங்கிய மின்சாரம் கொஞ்சமாவது கைகொடுத்தது. ஒரே ஆற்றை நம்பியிருப்பவனுக்குப் பக்கத்து வீட்டுக் கம்பி பெரிய துணை.

கிழக்கே எத்தியோப்பியா, நைல் நதியின் கிளையில் 2011-இல் ஓர் அணையைத் தொடங்கியது. வெளிக்கடன் சரியாகக் கிடைக்கவில்லை. அரசாங்க ஊழியர்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். சாதாரண ஜனங்களும் பத்திரம் வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது, 5,150 மெகாவாட். கீழே இருக்கும் எகிப்துக்குத் தண்ணீர் குறையுமோ என்ற பயம் இன்னும் தீரவில்லை. இதற்கு முன்பே, 2022-இல், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கம்பி வழியாகக் கென்யாவுக்கு 200 மெகாவாட் விற்கத் தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் கென்யாவையும் தான்சானியாவையும் இணைத்தாயிற்று. விற்ற காசு டாலராக வருகிறது, நல்லதுதான். ஆனால் சம்பளத்தைக் கொடுத்த அந்த எத்தியோப்பிய ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் இன்னும் விளக்கு இல்லை. ஆப்பிரிக்கா முழுவதும் அப்படி 60 கோடிப் பேர்.

எனக்கு என்னவோ, ஆயிரம் கிலோமீட்டர் கம்பியைவிடக் கடைசி முப்பது அடிக் கம்பிதான் கஷ்டம் என்று படுகிறது. கென்யாவில் கம்பம் வாசலில் நிற்கும், வீடு இருட்டாக இருக்கும். இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங். ஏழைக் குடும்பம் எங்கே போகும்? 2015-இல் அதை 15,000 ஆகக் குறைத்து, தவணையாகவும் கட்டலாம் என்றார்கள். அதன் பிறகுதான் பல வீடுகளில் முதல் பல்ப் எரிந்தது.