சோபாவுக்கு வாடகை கொடுப்பவர் யார்?

சென்ற தை மாதம் நண்பர் ஒருவர் கொளத்தூரில் புதுக்குடித்தனம் புகுந்தார். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் தளம். 400 சதுர அடி. மாத வாடகை 12,000 ரூபாய். பால் காய்ச்சிய மறுவாரம் நாங்கள் மூவர் பார்க்கப் போனோம். கதவு முழுதாகத் திறக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பத்தடிக் கூடத்தில் மூவர் அமரும் சோபா ஒன்று, ஒற்றை இருக்கைகள் இரண்டு, நடுவே கண்ணாடி பதித்த தாழ்மேசை, எதிர்ச்சுவரில் தொலைக்காட்சிக்கென ஓர் அடுக்கு. எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய், மாதத் தவணையில். அவருடைய புத்தகங்கள் பதினாறு அட்டைப்பெட்டிகளில் பரண்மேல் கிடந்தன. மெய்ப்புத் தாள்களைச் சோபாவில் அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே இருக்கும் தாழ்மேசைமீது குனிந்து திருத்துகிறார். முட்டி தேய்ந்துபோன அவருடைய தாயார் உள்ளறையில் பாய் விரித்துப் படுக்கிறார். கட்டில் தவணைகள் முடிந்த பிறகாம்.

விடைபெற்றுப் படியிறங்கும்போது சிரித்தோம். இலக்கியம் படிப்பவர்களுக்கே வாய்த்த அந்தச் சிரிப்பு. ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்ற சொல் இரண்டாம் தளத்திலேயே வந்துவிட்டது. முதல் தளத்தில் ஜப்பானியரின் வெற்றறை வந்தது. தெருவுக்கு வருவதற்குள் காந்தியடிகளும் வந்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு எதிராகவும் அந்தச் சோபாவுக்கு எதிராகவும் ஒருசேர எழுத வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைமட்டும் எழுதுவது எளிது. நம் சூழலில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சிரிப்பு. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நமக்கு வெற்றறையின்மேல் ஒரு காதல் உண்டு. ஒரு பாய், ஒரு மண்பானை, சன்னலோரம் நான்கு புத்தகங்கள். இந்தச் சித்திரத்தை வரைபவர்கள் பெரும்பாலும் அடுத்த அறையில் பீரோ வைத்திருப்பவர்கள். வெறுமையைக் காட்சிப்படுத்த இடம் வேண்டும். 400 சதுர அடியில் மூவர் வாழும் வீட்டில் வெற்றறை என்று ஒன்று இருக்க முடியாது. குடமும், எரிவாயு உருளையும், துவைத்த துணியும், பள்ளிப்பையும் எங்காவது இருந்தாக வேண்டும். எளிமை என்று நாம் புகழ்வது பல நேரங்களில் பொருள்களை மறைத்துவைக்க இடமுள்ளவரின் வசதி. அந்த வசதியையும் வேறு யாரோ ஒரு பெண்தான் தினமும் ஒழித்து, மடித்து, அடுக்கித் தருகிறாள் என்பது தனிக்கதை.

இரண்டு நாள் கழித்து நண்பரிடம் தொலைபேசியில் சோபாவைப் பற்றிப் பாதி விளையாட்டாகக் கேட்டோம். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “எங்க அப்பா அடுத்தவங்க வீட்ல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லீங்க. திண்ணைக்குக் கீழ நின்னுதான் பேசுவார். என் வீட்டுக்கு வர்றவங்க யாரும் நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்ளோதான்” என்றார். எங்களில் ஒருவருக்கும் அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

தரை எல்லோருக்கும் ஒரே தரை அல்ல. பள்ளியில் மற்ற மாணவர்களிடமிருந்து விலக்கி ஒரு கோணித்துணியில் அமரவைக்கப்பட்டதையும், பள்ளியைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் தானே அதை வீட்டிற்குச் சுமந்துசென்று மறுநாள் கொண்டுவந்ததையும் அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். பழங்கதை என்று தள்ள வேண்டாம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையில் அமர்ந்திருந்த படம் வெளியானது 2020 அக்டோபரில். தரையில் அமர்வதன் அழகைப் பற்றி ஒரு பத்தி எழுதுமுன் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம். நாற்காலி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவருக்குத்தான் தரை ஒரு தேர்வு.

ஆகவே நண்பரின் ஆசையில் பிழையில்லை. பிழை, அந்த ஆசைக்கு அவரிடம் விற்கப்பட்ட பொருளில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூவர் சோபா ஏழடிக்கு மூன்றடி: 21 சதுர அடி. ஒற்றை இருக்கைகள் இரண்டும் சேர்த்து 18. தாழ்மேசை 8. தொலைக்காட்சி அடுக்கு ஏழுக்குச் சற்று மேல். மொத்தம் 54 சதுர அடி. கூடத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. அந்த வீட்டில் ஒரு சதுர அடிக்கு மாதம் 30 ரூபாய் வாடகை விழுகிறது. ஆக இந்த நாற்கூட்டம் நின்றிருக்கும் இடத்திற்கு மட்டும் நண்பர் மாதம் 1,620 ரூபாய் கட்டுகிறார், ஆண்டுக்கு 19,440. மூன்றாண்டு முடிவதற்குள் இந்தப் பொருள்களின் விலையைவிட அவை நிற்பதற்கான வாடகை அதிகமாகிவிடும். அங்காடியில் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இந்த இரண்டாவது விலை எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை.

சரி, அதில் அமர்பவர் யார்? நண்பரின் மனைவி காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புகிறார். தாயாருக்கு முட்டிவலி, புதைகிற மெத்தையில் அமர்ந்தால் எழ முடிவதில்லை. சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில்தான் உட்கார்கிறார். சோபா, வரப்போகும் விருந்தினருக்காகக் காத்திருக்கிறது. விருந்தினர் மாதம் ஒருமுறை வருகிறார். இது பங்களாக்களின் வரவேற்பறையிலிருந்து திரைப்படத்திற்கும், அங்கிருந்து தொலைக்காட்சித் தொடர்களுக்கும், அங்கிருந்து 120 சதுர அடிக் கூடத்திற்கும் இறங்கிவந்த ஏற்பாடு. இறங்கி வரும்போது பங்களாவை மேலேயே விட்டுவிட்டது. அப்பா நின்ற வலிக்கு மகன் வாங்கிய இருக்கையில், அதே வீட்டில் முட்டி தேய்ந்த அம்மா உட்கார முடியவில்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்தியது.

பொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த விலை அறைகலன்களில் பெரும்பகுதி இன்று மரமே அல்ல. மரத்தூளையும் செதில்களையும் பசையிட்டு அழுத்திய பலகை, அதன்மேல் மரம்போல் அச்சிட்ட தாள். ஒரே வீட்டில், உலர்ந்த சுவரோரம், அசைக்காமல் வைத்திருந்தால் அது ஓரளவு உழைக்கும். நம் வாழ்க்கையோ பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஓடுவது. ஒருமுறை கழற்றி மறுமுறை பூட்டினால் திருகாணி பழைய துளையில் பிடிப்பதில்லை. ஓரத்தாள் உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் பலகை ரொட்டிபோல் உப்புகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தெருவோரங்களில் குவிந்து கிடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் பார்த்தோம். இரும்புப் பீரோக்களைக் கழுவித் துடைத்து, துரு சுரண்டி, வண்ணம் அடித்து வைத்துக்கொண்டார்கள். பலகைகளைக் குப்பை வண்டி கொண்டுபோயிற்று. அவற்றுக்கான தவணைகளை எந்த வண்டியும் கொண்டுபோகவில்லை.

பழைய பொருள் என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. யாரோ இறந்த கட்டில், யாருடைய தரித்திரமோ ஒட்டிய மேசை. இந்த அச்சத்தைக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சண்டிகருக்கு நேர்ந்தது இங்கே நினைவுக்கு வருகிறது. லெ கார்பூசியேவின் உறவினரான பியர் ஜான்னெரே, 1950களில் அந்தப் புதுநகரின் அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் கொண்டு நாற்காலிகளை வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள், எழுத்தர்கள் அமர்ந்தார்கள். பின்னர் பழசாயிற்று என்று மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவித்து, கழிவாக ஏலம் விட்டார்கள். அதைச் சொற்ப விலைக்கு எடுத்த வெளிநாட்டு வணிகர்கள் பழுது பார்த்து மேலைநாட்டு ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விற்ற பிறகுதான், 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனையைத் தடுக்க உத்தரவிட்டது. எழுத்தரின் முதுகுக்காகச் செய்த நாற்காலி இன்று செல்வந்தர் வீட்டு மூலையில் யாரும் அமராமல் நிற்கிறது. எழுத்தரின் பேரன் மரத்தூள் பலகைக்குத் தவணை கட்டுகிறான்.

சென்னையிலும் பழைய அலுவலக நாற்காலிகள், பிரம்பு கிழிந்தும் சட்டம் உறுதியாகவும், பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. பிரம்பு மட்டும் புதிதாகப் பின்னினால் போதும். பார்வையற்றோர் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட தொழில் அது. பின்னுபவர்களைத் தேடினால் இன்றும் கிடைப்பார்கள். காசு இல்லாதவர்களுக்கான யோசனையாக இதைச் சொல்லவில்லை. காசு இருந்தாலும் இதுதான் மேலான நாற்காலி.

பிறகு என்னதான் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் இருக்கும் உடல்களைப் பார்த்து வாங்குங்கள். மிகவும் வலிப்பவருக்கு முதலில். அப்படிப் பார்த்தால் நண்பர் வீட்டில் முதற்பொருள் கட்டில். ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள்தாம், கட்டில் நம்முடையது. மோசிகீரனார் களைப்பு மிகுதியில் ஏறிப் படுத்தது முரசுகட்டில். பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காமல் விசிறியை எடுத்ததைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டு சொல்கிறது. நம் இலக்கியத்தில் படுக்க இடமில்லாத எழுத்தாளன் அன்றே வந்துவிட்டான். முரசு வேண்டாம், மடக்கக்கூடிய இரும்புச் சட்டத்தில் நாடா பின்னிய கட்டில் போதும். மூன்று மாடி ஏற்ற இருவர் போதும். நாடா தளர்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மேசை. நாளெல்லாம் எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர் இரண்டரையடி உயர மேசையும் நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியும் இல்லாமல் ஐந்தாண்டு ஓட்டினால், மிச்ச ஆண்டுகளை எலும்பு மருத்துவர் எடுத்துக்கொள்வார்.

புத்தக அடுக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம், இது நம் பேட்டை. கடைகளில் விற்கும் அடுக்குகள் பெரும்பாலும் ஓரடிக்கு மேல் ஆழம் கொண்டவை. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி டெம்மி அளவு; ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். எட்டங்குல ஆழம் தாராளம். மிச்ச ஆழத்தில் தூசிதான் வாழும், அல்லது இரண்டாம் வரிசை வைத்துப் பின்வரிசையை மறந்துபோவோம். மளிகைக் கடைகளில் சாமான் அடுக்குகிறார்களே, துளையிட்ட இரும்புச் சட்டமும் தகடும், அதைக் கேட்ட ஆழத்திற்கு வெட்டித் தருகிறார்கள். தரையிலிருந்து உத்தரம்வரை நிறுத்தினால் ஒரே சுவரில் பதினாறு பெட்டியும் அடங்கும். கழற்றினால் ஒரு கட்டு. எத்தனை வீடு மாறினாலும் அதே மரையாணி, அதே துளை. அழகில்லை என்பார்கள். புத்தகம் நிறைந்த பிறகு சட்டம் கண்ணில் படுவதே இல்லை. பரணிலோ, உத்தரத்தை ஒட்டிய கோடை வெக்கை ஒருபக்கம், ராமபாணப் பூச்சி ஒருபக்கம்.

இன்னொன்று. இதை எழுதும்போதுதான் எங்கள் மூவர் வீட்டையும் எண்ணிப் பார்த்தோம். மூன்றிலும் புத்தக அடுக்கு உண்டு, எழுதுமேசை உண்டு. சமையலறையில் அமர ஒரு முக்காலி மூன்றிலும் இல்லை. அந்தக் காலத்தில் அரிவாள்மணையில் அமர்ந்தாவது காய் நறுக்கினார்கள். அடுப்பு மேடை வந்தபின் நின்றேதான் எல்லாம், நாளைக்கு மூன்று மணி நேரம். நண்பரின் அப்பா திண்ணைக்குக் கீழே நின்றதைக் கேட்டுக் கலங்கிய நாங்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் ஒருவரை நிற்கவைத்திருக்கிறோம். மேடையருகே அமரும் உயரத்தில் முக்காலி ஒன்று சில நூறு ரூபாய். இதற்கு எந்தக் கோட்பாடும் தேவைப்பட்டிருக்கவில்லை.

பங்குனியில் நண்பர் ஒற்றை இருக்கைகள் இரண்டையும் தாழ்மேசையையும் விற்றார். மூன்று மாதமே ஆன பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான் கிடைத்தது, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய சோபாவை விற்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. நாடாக் கட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள்தாம் மேலே ஏற்றினோம். தாயாருக்குக் கட்டில் பிடித்திருக்கிறது. உயரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாம். கால்களை ஓரங்குலம் அறுத்துக் கொடுக்க வெல்டிங் பட்டறையில் சொல்லிவைத்திருக்கிறோம்.