படிக்கப் போனவன் ஊர் சுற்றலாமா?



வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காட்டில் அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்து. உண்டு முடித்துக் கை கழுவி வந்தமர்ந்த என்னிடம், உறவில் தங்கை முறையாகும் ஓர் அம்மையார் தம் மனக்குறையை இறக்கி வைத்தார். அவருடைய மகன் ஜெர்மனியில் பொறியியல் முதுகலை பயில்கிறான்.

“அண்ணே! போன முறை பேசியபோது பிராக் நகரத்தில் இருக்கிறேன் என்றான். நேற்று வியன்னா என்கிறான். ராத்திரி பஸ்ஸில் தன்னந்தனியாகப் போகிறானாம். இவன் படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?”

அருகிலிருந்த அவருடைய கணவர் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ரியாத்தில் உழைத்துத் திரும்பியவர் அவர். ஜெர்மன் மாணவர் விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் பத்து லட்சத்திற்கும் மேல். அந்தப் பணம் எந்த வெயிலில் சம்பாதிக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்த அம்மையாரின் கேள்வியை நான் சிரித்துத் தள்ளிவிடவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்த ஏட்டைப் படிக்கும் இல்லங்கள் பலவற்றில் இதே கேள்வி எழுந்திருக்கக் கூடும்.

நம் ஊர்களிலிருந்து வெளிநாடு செல்வது புதிதன்று. ஆனால் அத்தாமார்களின் பயணம் ஒரு வகை. பிள்ளைகளின் பயணம் வேறு வகை. வளைகுடாவிற்குச் சென்றவர், வேலை கொடுத்த முதலாளியின் பொறுப்பில் இருந்தவர். அறையிலிருந்து வேலைத்தலம், அங்கிருந்து மீண்டும் அறை. வெள்ளிக்கிழமை துணி துவைக்கவும் ஊருக்குப் பேசவுமே சரியாக இருந்தது. மக்கா, மதீனாவைக் கண்ட பாக்கியம் உண்டு. அதைவிடப் பெரிது வேறில்லை. எனினும் ஒரு நாட்டின் தெருக்களில் வேலையின்றி, அச்சமின்றி நடந்து பார்த்தவர் நம் மூத்தவர்களில் மிகச் சிலரே. “சுற்றுவது” என்ற சொல்லே அவர்கள் காதில் ஊதாரித்தனமாக ஒலிப்பதில் வியப்பில்லை.

பிள்ளையின் நிலை அதுவன்று. லக்ஸம்பர்க் நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு சிற்றூர் உண்டு. நம் லெப்பைக்குடிக்காட்டைப் போல அதுவும் ஆற்றங்கரை ஊர்தான். 1985 ஜூன் 14இல் ஐந்து நாடுகள் அங்கே கூடி, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க ஒப்பந்தம் செய்தன. இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள். ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டை பெற்ற மாணவன், செல்லத்தக்க கடவுச்சீட்டும் அந்த அட்டையும் கையில் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தனி விசா இன்றி உலவி வரலாம். ஆகவே பிராகும் வியன்னாவும் களவாகச் சென்ற ஊர்களல்ல. சட்டம் அவனுக்குத் திறந்துவிட்ட கதவுகள். ஆனால் லண்டன் இதில் சேராது. அதற்குத் தனி விசா வேண்டும். இதை அறியாமல் பயணச்சீட்டு வாங்கிப் பணத்தை இழந்துவிட வேண்டாம்.

சரி, சட்டம் அனுமதிக்கிறது, பயன் உண்டா? இங்கே டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களை நினைவுகூர விரும்புகிறேன். 1897இல் ஐதராபாத்தில் பிறந்த அவர், 1920களின் முற்பகுதியில் பொருளாதாரம் பயில பெர்லின் சென்றார். வகுப்பறையோடு அவர் நின்றுவிடவில்லை. கையால் தொழில் செய்தே கற்க வேண்டும் என்று அந்நாளில் ஜெர்மனியில் வளர்ந்துவந்த கல்விக் கொள்கை அவரை ஈர்த்தது. பெர்லினில் காவியானி என்ற அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையைத் தாமே கற்றுக்கொண்டு, மிர்ஸா காலிபின் கவிதைத் தொகுப்பை 1925இல் அழகிய சிறு பதிப்பாக வெளிக்கொணர்ந்தார். பொருளாதார மாணவனுக்கு அச்சுக்கூடத்தில் என்ன வேலை என்று அவர் இல்லத்தாரும் கேட்டிருக்கலாம்! 1926இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பி, மூடப்படும் நிலையிலிருந்த ஜாமியா மில்லியாவைத் தம் இருபத்தொன்பதாம் வயதில் ஏற்று நடத்தினார். 1937இல் வார்தா கல்வித் திட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, கைத்தொழில் வழிக் கல்வியை அவர் வலியுறுத்தியதில் பெர்லின் நாட்களின் தடத்தைக் காணலாம். பெர்லினில் அறிமுகமான கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி பின்னர் டெல்லிக்கே வந்து ஜாமியாவின் சிறு குழந்தைகளுக்குப் பணி செய்து, 1943இல் மறைந்து, அந்த வளாகத்திலேயே அடக்கமானார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாடநூலை மட்டும் படித்திருந்தால் இவற்றில் எது கிடைத்திருக்கும்?

தாய்மார்களின் அடுத்த கவலை தொழுகையும் உணவும். இங்கே நாம் கிப்லா என்றால் மேற்கு என்றே பழகியவர்கள். பெர்லினில் அவன் தென்கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் நெருக்கியடித்து வரும். ஜூனிலோ இரவு ஒன்பதரைக்குத்தான் மஃரிப். பயணி என்ற முறையில் கஸ்ர் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு. எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்ற விவரத்தைத் தன் மத்ஹபின்படி ஊர் இமாமிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும். வழியில் நின்று யோசிப்பதைவிட அது நல்லது.

உணவுக்குத் துருக்கியர் கடைகள் உண்டு. 1961 அக்டோபர் 30இல் ஜெர்மனியும் துருக்கியும் செய்த ஒப்பந்தத்தின்படி ஆலை வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் நடத்துபவை அவற்றில் பல. அவர்களும் சில ஆண்டுகள் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களே. தொழிற்கூடங்களின் பின்கட்டுகளில் இடம் பிடித்துத் தொழத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கிய பள்ளிவாசல்கள் ஜெர்மன் நகரங்களில் நிறைய. அங்கே ஜும்ஆவுக்கு நிற்கும் நம் பிள்ளைக்குத் தன் அத்தாவின் ரியாத் அறை நினைவுக்கு வராமலா போகும்? எனினும் கடைப் பலகையைக் கண்டு மட்டும் நம்பிவிடாமல் ஹலாலா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மிட்டாயிலும் தயிர்ப் பண்டங்களிலும் பன்றித் தோலிலோ எலும்பிலோ எடுத்த ஜெலட்டின் கலந்திருக்கலாம்.

வியன்னா என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைச் சிமெண்டு ஆலையின் மூலப்பொருளாக மட்டும் நாம் அறிவோம். அந்நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது. அதன் கல்லாய்ப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்து 1860களில் பெரிய தொகுதிகள் எழுதிய ஸ்டோலிஸ்கா, மொராவியாவில் பிறந்தவர். அவருக்குப் பின் 1895 முதல் அதே பாறைகளைப் பற்றி வியன்னாவில் ஆய்வுநூல் வெளியிட்டவர் பிரான்ஸ் கோஸ்மாட். நம்மூர்ப் பிள்ளை, தன் மாவட்டத்து மண்ணின் பெருமையை அந்நகரத்தில்தான் முதன்முதலாக அறிய நேர்ந்தால், பழி அவனுடையதன்று.

கண்டிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்காலத்தில் பயணம் கூடாது. கடன் வாங்கிப் பயணம் கூடவே கூடாது. எந்த ஊர், எந்த விடுதி என்பதைப் புறப்படும் முன் வீட்டிற்குத் தெரிவிக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் ஒரு வரி போதும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். அதைப் பெற்றோரும் குறித்துக்கொள்க. பெண்பிள்ளைகள் மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலிம்களிடம் தெளிவு பெறுவது அவள் விண்ணப்பம் போடும் முன் நடக்க வேண்டும். அவள் அங்கே சென்றபின் தொலைபேசியில் அதட்டுவது நியாயமன்று.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மையாரிடம், “அடுத்த முறை, ஏன் போனாய் என்று கேட்காமல், என்ன பார்த்தாய் என்று கேளம்மா” என்றேன். பேச்சு குர்துபாவின் பக்கம் திரும்பியது. 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய பள்ளிவாசல், 1236இல் தேவாலயமாக்கப்பட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்களின் காடு இன்றும் நிற்கிறது. தொழ அனுமதி இல்லை. கேம்பிரிட்ஜிலும் ஹைடல்பெர்க்கிலும் மியூனிக்கிலும் மாணவராயிருந்த அல்லாமா இக்பால் அதைக் கண்டது 1933இல்தான். மாணவப் பருவம் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து. ஆனால் கிரனடாவில் அல்ஹம்ராவிற்கு எதிர்க்குன்றில் 2003இல் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டு, அங்கே ஐவேளையும் தொழுகை நடைபெறுகிறது.

அதுவரை மௌனமாயிருந்த அவர் கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். “அவன் இருக்கிற இடத்திலிருந்து குர்துபா எவ்வளவு தூரம்?”

இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றேன். மாட்ரிட் வரை விமானம். அங்கிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்திற்குள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நிக்காஹ் அழைப்பிதழின் பின்புறத்தில் ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டார்.