முதுகெலும்பும் தலைவிதியும்

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கூனல் விழுந்த கிழவி ஒருத்தியைத் திண்ணையில் காணலாம். நாற்று நட்டும், களை பறித்தும், கரும்புக் கட்டுத் தூக்கியும் நாற்பது ஐம்பது வருஷம் உழைத்த முதுகு அது. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ, வாசற்படியில் சறுக்கி உட்கார்ந்தபோதோ ‘சுரீர்’ என்று ஒரு வலி வந்திருக்கும். அன்று முதல் புரண்டு படுக்க முடியாது. இருமினால் உயிர் போகும். கேட்டால், “வயசாகிப் போச்சு, தலையெழுத்து” என்பார்கள். ஜோசியன் சனி பார்வை என்பான். பூசாரி குலதெய்வக் குறை என்பான். புராணப் பிரசங்கியோ பூர்வ ஜென்ம பாபம் என்று ஒரே போடாய்ப் போட்டுவிடுவார்.

இந்தச் சனியனுக்கு மாதவிலக்கு நின்ற பெண்களின் மீது மாத்திரம் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறோம். இதற்கு ஜோசியனிடம் பதில் இல்லை. வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்து, எலும்பு கரைவது அதிகமாகிறது. கறையான் அரித்த மரம் போல் உள்ளே துளைபட்ட முதுகெலும்புக் கட்டை, சிறு அதிர்ச்சிக்கும் நசுங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கினால் முதுகு வளைகிறது. இதுதான் கூனல். இதில் பாபமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

பாபம் என்று ஒன்று இருக்குமானால், அது செய்தவளுடையதல்ல, செய்வித்தவர்களுடையது. கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வெறுந்தண்ணீர் குடித்தவள் யார்? ஆண்கள் உண்டெழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்றவள் யார்? விதவையானால் ஒருவேளைச் சோறும் விரதமுமே கதி என்று விதித்த சாஸ்திரம் யாருடையது? இளமையில் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்காமல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு, கிழப்பருவத்தில் “விதி” என்று கைகழுவுவதற்குப் பெயர் பக்தியா, அயோக்கியத்தனமா?

நிற்க, வலி வந்தபின் நடக்கும் கூத்து இன்னும் மோசமானது. மந்திரித்த கயிறு ஒரு பக்கம். “பச்சிலைப் பொடி, பக்க விளைவே கிடையாது” என்று விற்கப்படும் சூரணம் மறுபக்கம். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். அது இரண்டு நாளில் வலியை அடக்குகிறது; மாதக்கணக்கில் தின்றால் எலும்பையே கரைக்கிறது. நோயை வளர்க்கும் சரக்கை மருந்தென்று காசு கொடுத்து வாங்கும் பரிதாபம் இது.

இங்கிலீஷ் வைத்தியத்திலும் விழிப்பு வேண்டும். கடும் வலிக்கு அபின் இனத்து மருந்துகள் உண்டு. டிரமடால் அந்த இனம்; 2018ல் அது போதை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவில் 1996ல் ஆக்ஸிகோன்டின் என்ற மாத்திரையை, பழக்கமாகும் பயம் குறைவு என்று சொல்லி விற்றார்கள். அது பொய் என்று 2007ல் அந்தக் கம்பெனியே கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நாசமாயின. நம் நாட்டிலோ தலைகீழ். அபினியைப் பயிரிடும் தேசத்தில், 1985ம் வருஷச் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயில் துடித்தவனுக்குக்கூட மார்பின் கிடைக்கவில்லை. கோழிக்கோட்டில் 1993ல் டாக்டர் ராஜகோபால் முதலியோர் தொடங்கிய வலித் தணிப்பு இயக்கம் பாடுபட்டது. 2014ல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே அபின் மருந்தே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எலும்பு மெலிந்த கிழவிக்கு அதை மாதக்கணக்கில் கொடுத்தால் மலச்சிக்கலும் மயக்கமும் வரும். மயங்கி விழுந்தால் இன்னொரு எலும்பு முறியும்.

வேறு வழி உண்டா? 1984ல் பிரான்ஸ் தேசத்து அமியென் நகரில் கலிபேர், டெராமோன் என்னும் டாக்டர்கள், முதுகை அறுக்காமல், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக முதுகெலும்புக்குள் சிமெண்டு செலுத்தினார்கள். பிறகு, சிறு பலூனை உள்ளே ஊதி, நசுங்கிய கட்டையை நிமிர்த்திவிட்டுச் சிமெண்டு நிரப்பும் முறையும் வந்தது. சிமெண்டு சில நிமிஷங்களில் இறுகிவிடும். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள் என்று செய்தி பரவியது.

உடனே “அதிசயம்!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. கோவிலில் அதிசயத்தை நம்பாதவன் ஆஸ்பத்திரியிலும் சோதித்துத்தான் நம்ப வேண்டும். அப்படியே சோதித்தார்கள். 2009ல் வெளியான இரண்டு சோதனைகளில், ஒரு பாதிப் பேருக்குச் சிமெண்டு செலுத்தினார்கள். மறுபாதிப் பேருக்குச் சிமெண்டு செலுத்தியதாகப் பாவனை செய்து, சந்தேகம் வராதபடி அறையில் சிமெண்டு வாசனையை மட்டும் பரவவிட்டார்கள். இரு சாராருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது! 2018ல் வந்த டச்சு நாட்டுச் சோதனையும் அப்படியே சொல்லிற்று. ஆனால் 2016ல் ஆஸ்திரேலியாவில், முறிந்து ஆறு வாரத்துக்குட்பட்ட, தாங்கமுடியாத வலியுள்ள 120 பேரிடம் செய்த சோதனையில் சிமெண்டு நன்மை செய்தது. சிமெண்டு கசிந்து நரம்பையோ நுரையீரலையோ தாக்கும் ஆபத்தும் அபூர்வமாக உண்டு.

எனவே நமது அபிப்பிராயம் இது. கூனல் விழுந்தவர்க்கெல்லாம் இந்த ஊசி என்று விளம்பரம் செய்பவனை நம்பாதீர்கள். முறிவு புதிது, வலி கடுமை, மற்ற மருந்தால் தணியவில்லை என்று ஸ்கேன் பார்த்துத் தெரிந்தவர்க்கு, இதை யோசிக்கலாம். பெரும்பாலோருக்கு முறிவு சில வாரங்களில் தானே ஆறும். சிமெண்டு வைத்தாலும் வைக்காவிட்டாலும் மற்ற எலும்புகள் மெலிந்தபடியேதான் இருக்கும். அவற்றைக் காக்கும் மருந்தைக் கொடுக்காமல் விடுவது, இடிந்த சுவரைப் பூசிவிட்டு அஸ்திவாரத்தை மறந்ததாகும்.

தோழர்களே! திடீர் முதுகுவலி வந்த கிழவியைக் கோவிலுக்குத் தூக்காதீர்கள்; சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியரிடம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பைப் போலவே எலும்பையும் கவனிக்கும்படி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் வீட்டுப் பெண்ணின் தட்டில் கேழ்வரகும், முருங்கைக் கீரையும், சென்னாக்குன்னியும், ஒரு டம்ளர் பாலும் வையுங்கள். அவள் முதலில் உண்ணட்டும்.

குனிந்தே வாழ் என்று பெண்ணுக்குச் சாஸ்திரம் சொல்லிற்று. அவள் முதுகெலும்பும் அப்படியே குனிந்துவிட்டது. இரண்டையும் நிமிர்த்துவதுதான் நம் வேலை.