கெய்சர் கெடவில்லை, ஒரு கம்பிதான் தேய்ந்தது

இன்றைய பதிவு சற்றுக் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டு 25 லிட்டர் கெய்சர் சில நாளாகச் சரியாகச் சுடவில்லை. சுவிட்சைப் போட்டால் உள்ளே கடகடவென்று சத்தம் வேறு. கம்பெனி ஆள் வந்தார். மூடியைக்கூடக் கழற்றாமல், "ஆறு வருஷம் ஆச்சு சார், டேங்க் போயிருக்கும். எக்ஸ்சேஞ்சுல புதுசு போட்டுக்குங்க" என்றார். திறந்து பார்க்காமலே தீர்ப்பு!

நம் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். மெயினை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றினார். தொட்டியில் ஒரு பழுதும் இல்லை. காயில் மேல் சுண்ணாம்புப் பாறை மாதிரி உப்பு. பக்கத்தில் விரல் தடிமனில் இருக்கவேண்டிய மெக்னீசியம் கம்பி கரைந்து, நடுவில் இருந்த இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். காயில், கம்பி, வாஷர் மூன்றையும் மாற்றினார். கூலியோடு சேர்த்தும் புது கெய்சர் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அந்தக் கம்பிக்கு ஆனோடு ராடு என்று பெயர். உலோகங்களின் வினைபடும் வரிசையை நான் மனப்பாடம் செய்யச் சொன்னபோது முகம் சுளித்தீர்களே, அது இங்கேதான் வேலை செய்கிறது. மெக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் மெக்னீசியம்தான் முதலில் கரையும். அது தீரும்வரை இரும்புத் தொட்டி பிழைக்கும். ஹம்ப்ரி டேவி 1824-லேயே கப்பலின் செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமலிருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இப்படிப் பொருத்திக் காட்டினார். ஆக, அந்தக் கம்பி தேய்வது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். அது தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால்தான் தொட்டி போகும்.

என் கேள்வி இதுதான். தேய்வதற்கென்றே ஒரு பாகத்தை வைத்து விற்கிறவர்கள், இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்று கெய்சரின் மேலேயே பெரிய எழுத்தில் ஏன் ஒட்டுவதில்லை? பயன்படுத்தும் புத்தகத்தின் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால் யார் படிப்பார்கள்?

நம் ஊருக்கு இதெல்லாம் புதுசா? பிள்ளையார்பாளையத்தில் பாவு தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். தறியை உடைத்து விறகாக்குவதில்லை. கோயிலில் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துகிறார்கள். மருந்து தளர்ந்தது என்று மூலவரை மாற்றுவதில்லை. தேய்வது எது, நிலைப்பது எது என்று பிரித்தறிந்த ஊர், கெய்சர் விஷயத்தில் மட்டும் ஏன் ஏமாறுகிறது?

"புதுசுக்கு ஸ்டார் அதிகம், கரண்ட் மிச்சம்" என்பீர்கள். அந்த ஸ்டார், சுவிட்ச் போட்டபடி சும்மா இருக்கும்போது தொட்டி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதற்கான கணக்கு. காலையில் அரைமணி போட்டு அணைக்கிற வீட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. காயில்மேல் படிந்த உப்பை எடுத்தால் கிடைக்கும் லாபத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். இந்த வியாபாரத்துக்குத் துணைபோவது நீங்களும்தான். பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு, "எதுக்குப்பா ரிப்பேர், புதுசு வாங்கிடுங்க" என்று ஃபோனிலேயே பணம் அனுப்பிவிடுகிறீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, வருகிறவன் சொன்னதே வேதம் என்று ஆகிவிடுகிறது. திறந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த நம் தெருத் தம்பிக்கும் வேலை போகிறது.

செய்யவேண்டியது சில. உங்கள் தொட்டி கண்ணாடிப் பூச்சுள்ள இரும்பு என்றால் ஆனோடு ராடு இருக்கும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வகையில் பெரும்பாலும் இருக்காது. நம் போர் தண்ணீருக்கு வருஷம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை 55, 60 டிகிரிக்குமேல் வைக்காதீர்கள். சூடு கூடக்கூட உப்பு அதிகம் படியும். சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டுவது லீக் அல்ல, விரிகிற தண்ணீர் வெளியேறுகிறது. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். வேலையை நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவரை விட்டுச் செய்யுங்கள். தொட்டியே ஓட்டையானால் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓட்டையைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. உதிரிபாகம் தர மறுத்தால் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களே, அந்த ஒரு வரியைப் பெட்டியின்மேல் அச்சடிக்க வையுங்கள். மற்றவர்கள் இன்றைக்கே வீட்டுக்கு ஃபோன் செய்து, "கெய்சரைக் கடைசியா எப்பம்மா திறந்து பார்த்தாங்க?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்