அப்பா ஜட்ஜ், பிள்ளை குற்றவாளி

திருடனுக்குப் பிறந்தவன் திருடனாகத்தான் இருப்பான் என்று அடித்துச் சொல்கிற ஒரு ஜட்ஜ். அந்த ஜட்ஜுக்கே பிறந்து, அவர் அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தியதால் தெருவில் வளர்ந்து, பிக்பாக்கெட்டாகி, கடைசியில் அவரையே கத்தியால் குத்தப் போய்க் கூண்டில் நிற்கிற பிள்ளை. 1951-ல் வந்த 'ஆவாரா' படத்தின் கதை சுருக்கமாக இதுதான். ரத்தமா, வளர்ப்பா? வளர்ப்புதான் ஸார் என்று மூன்று மணி நேரம் வாதாடுகிறது படம்.

நல்ல விஷயம். கை தட்டலாம். தட்டுவதற்கு முன்னால் டைட்டில் கார்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஜட்ஜாக நடித்தவர் பிருத்விராஜ் கபூர். கூண்டில் நிற்கும் பிள்ளை ராஜ் கபூர், நிஜத்திலும் அவர் பிள்ளை. சின்ன வயசு ராஜாக வரும் பையன் சசி கபூர், ராஜின் கடைசித் தம்பி. ஒரு காட்சியில் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும் பெரியவர் திவான் பஷேஷர்நாத் கபூர், பிருத்விராஜுக்கு அப்பா, பெஷாவரில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். தயாரிப்பு, டைரக்ஷன் இரண்டும் ராஜ் கபூர். எடுத்தபோது வயசு இருபத்தாறு.

ஆக, பரம்பரை என்பதெல்லாம் சும்மா என்று நிரூபிக்க ஒரு பரம்பரையே திரண்டு வந்திருக்கிறது!

இது தற்செயல் இல்லை. கதையை எழுதிய கே.ஏ. அப்பாஸ் முதலில் போனது டைரக்டர் மெஹபூப் கானிடம். அவர் மனசில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேறு நடிகர்கள் இருந்தார்கள். நிஜ அப்பா-பிள்ளைதான் வேண்டும் என்று அப்பாஸ் ஒற்றைக்காலில் நின்றார். கதை கை மாறி ராஜ் கபூரிடம் வந்தது. க்ளைமாக்ஸில் வக்கீலாக வரும் நர்கிஸ், ஜட்ஜையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார். அந்தக் கூண்டில் நின்று பதில் சொல்லத் திணறும் மனிதர், கேமராவுக்குப் பின்னால் 'ஸ்டார்ட்' சொன்ன பையனின் சொந்தத் தகப்பனார். எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இந்த சான்ஸ்?

எங்கள் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவர் பையனும் எலக்ட்ரீஷியன். 'அப்பன் கைராசி அப்படியே இருக்கு' என்று தெருவே மெச்சுகிறது. டாக்டர் மகன் டாக்டரானால் க்ளினிக் போர்டில் பெயர் சேர்க்கிறோம். டைரக்டர் மகன் டைரக்டரானால் மட்டும் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. வாரிசு, நெப்போட்டிசம், அது இது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எலக்ட்ரீஷியன் மகன் தப்பாக ஒயரை இழுத்தால் அவனுக்கே ஷாக் அடிக்கும். டைரக்டர் மகன் தப்புப் பண்ணினால் டிக்கெட் வாங்கின நமக்கு அடிக்கும்.

ராஜ் கபூர் விஷயத்தில் யாருக்கு அடித்தது என்று பார்க்கலாம்.

பெஷாவரில் கிஸ்ஸா கவானி பஜார் என்று ஒரு கடைத்தெரு. பெயருக்கு அர்த்தமே கதை சொல்லிகளின் கடைவீதி. அதன் பக்கத்தில் பஷேஷர்நாத் கட்டிய பெரிய ஹவேலியில் 1924 டிசம்பர் 14-ம் தேதி ராஜ் பிறந்தார். (விலாசத்திலேயே கதை இருக்கிறது, என்ன செய்வது!) போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளையான பிருத்விராஜ் சட்டம் படிக்கப் போய், பாதியில் விட்டு, 1928-ல் பம்பாய்க்கு ரயிலேறியவர். 1931-ல் இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வில் நடித்தார். 1944-ல் பிருத்வி தியேட்டர்ஸ் என்று நாடகக் கம்பெனி தொடங்கி, பதினாறு வருஷம் ஊர் ஊராக அதை இழுத்துக்கொண்டு திரிந்தார். நாடகம் முடிந்ததும் வாசலில் தலை குனிந்து துணிப்பையை விரித்து நிற்பாராம், நிதி வசூலுக்கு. அத்தனை பெரிய ஸ்டார்!

இவருடைய மூத்த பிள்ளை மெட்ரிகுலேஷனில் தேறவில்லை. படிப்பு வேண்டாம், சினிமா வேண்டும் என்றது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னார். ஹீரோ ஆக்குங்கள் என்று இல்லை, க்ளாப் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று! டைரக்டர் கேதார் சர்மாவிடம் எடுபிடி உதவியாளர் வேலை. ஷாட்டுக்கு முன்னால் தலைமுடியைச் சீவிக்கொண்டு கேமரா முன் நிற்பது பையனின் வழக்கம். ஒரு நாள் அவசரத்தில் அடித்த க்ளாப்பில் நடிகரின் ஒட்டுத் தாடி மாட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சர்மா விட்டார் ஒரு அறை. பிருத்விராஜ் மகனாச்சே என்று யோசிக்கவில்லை. அதே சர்மாதான் 1947-ல் 'நீல் கமல்' படத்தில் மதுபாலாவுக்கு ஜோடியாக ராஜை ஹீரோவாக்கினார். அப்பா கொடுத்த சிபாரிசில் வந்தது அறை. அறை வாங்கின இடத்தில் வந்தது சான்ஸ்.

அடுத்த வருஷமே சொந்தக் கம்பெனி, ஆர்.கே. ஃபிலிம்ஸ். முதல் படம் 'ஆக்'. கதை என்ன தெரியுமா? வக்கீல் படிப்பை விட்டு நாடகத்துக்கு ஓடும் பையன். அப்பாவின் ஜாதகத்தையே எடுத்துப் படம் பண்ணிவிட்டார். 1949-ல் 'பர்ஸாத்' பிய்த்துக்கொண்டு ஓட, பம்பாய் செம்பூரில் ஆர்.கே. ஸ்டுடியோ எழுந்தது. (செம்பூர் என்றால் நம்மவர்களுக்கு முருகன் கோயில் ஞாபகம் வரும். வடக்கத்திக்காரர்களுக்கு இது.) பிறகு 'ஆவாரா'. அதன் கனவுக் காட்சிக்கு மட்டும் மூணு மாசம் ஷூட்டிங் என்பார்கள். 1954-ல் சோவியத் யூனியனில் ரிலீஸானபோது ஆறு கோடி டிக்கெட்டுகளுக்கு மேல் விற்றது. 1953-ல் அவர் நடித்த 'ஆஹ்', தமிழில் 'அவன்' என்று டப் ஆகி வந்ததும், ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் அதில் பாடியதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஏவி.எம்.மின் இந்திப் படம் 'சோரி சோரி'யில் 1956-ல் நடித்தார். நம் பத்மினியும் வைஜயந்திமாலாவும் பிறகு ஆர்.கே. படங்களுக்குப் போனார்கள்.

நடுவில் ஒருத்தரைச் சொல்லாமல் தாண்டினால் பாவம். நர்கிஸ். 'பர்ஸாத்'தில் ராஜ் ஒரு கையில் வயலின், மறு கையில் நர்கிஸைத் தாங்கிக்கொண்டு நிற்கும் போஸ்தான் ஆர்.கே. முத்திரையாயிற்று. அப்பா, தம்பி, தாத்தா எல்லோரும் வந்துபோன குடும்பக் கம்பெனியில், நிரந்தர முத்திரையில் இடம் பிடித்தது குடும்பத்தில் இல்லாத ஒரு பெண். 1956-ல் 'ஜாக்தே ரஹோ'வில் கடைசியாக ஒரு காட்சியில் வந்து, தாகத்தில் தவிக்கும் ராஜுக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மெஹபூபின் 'மதர் இண்டியா'வில் அவர் நின்ற உயரம் ஊருக்கே தெரியும். முத்திரை மட்டும் மாறவில்லை.

இனி கணக்கு வழக்கு. நான் பி.காம்., விட மாட்டேன்.

எங்கள் பாடத்தில் குட்வில் என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு கடையை விற்கும்போது சாமான் விலை, கட்டட விலை போகப் பெயருக்கு ஒரு விலை. தொட முடியாது, பார்க்க முடியாது, ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு சூட்சுமம். காசு கொடுத்து வாங்கின பெயரைத்தான் கணக்கில் எழுதலாம். தானாகச் சேர்ந்த பெயரை எழுத முடியாது. கடன் கொடுப்பவரும் 'உங்கப்பா யாரு?' என்று கேட்டு காபி வாங்கித் தருவாரே தவிர, பணம் தருவதற்குப் பத்திரத்தைத்தான் கேட்பார்.

ராஜ் கபூர் பத்திரத்தைக் கொடுத்தார். 'மேரா நாம் ஜோக்கர்', ஆறு வருஷம் எடுத்த படம். சோவியத் சர்க்கஸ், மூன்று கதாநாயகிகள், நாலு மணி நேரத்துக்கு மேல் நீளம், இரண்டு இடைவேளை. ஸ்டுடியோ உட்பட இருந்ததையெல்லாம் அடமானம் வைத்தார். 1970 டிசம்பரில் ரிலீஸ். ஜனங்கள் முதல் இடைவேளையில் முறுக்கு வாங்கினார்கள், இரண்டாவது இடைவேளையில் வீட்டுக்குப் போனார்கள். படுத்துவிட்டது. சின்ன ஜோக்கராக நடித்த இரண்டாவது மகன் ரிஷிக்குத் தேசிய விருது கிடைத்தது. கடன்காரர்கள் விருதை வாங்கிக்கொள்வதில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் முதல் பகுதி, டீச்சரை நேசிக்கும் பள்ளிக்கூடத்துப் பையனின் கதை, அவர் எடுத்ததிலேயே மேலான ஒரு மணி நேரம். மீதி மூணு மணி நேரத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

மறு வருஷம் மூத்த மகன் ரந்தீர் டைரக்டரானார். 'கல் ஆஜ் அவுர் கல்'. நேற்று, இன்று, நாளை. தாத்தா பிருத்விராஜ், அப்பா ராஜ், பேரன் ரந்தீர் மூவரும் ஒரே படத்தில். தலைமுறை இடைவெளி பற்றிய கதை. தலைமுறைக்கு நடுவே மட்டுமில்லை, தியேட்டரிலும் நிறைய இடைவெளி. 1972-ல் பிருத்விராஜ் காலமானார். தாதா சாகேப் பால்கே விருது அவருக்கு மறைவுக்குப் பிறகு வந்தது.

அப்பா இல்லை, பணம் இல்லை, ஸ்டுடியோ கடனில். நாற்பத்தெட்டு வயசில் ராஜ் கபூர் எடுத்ததுதான் 'பாபி'. 1973. பணக்காரப் பையன், மீனவர் வீட்டுப் பெண். பிள்ளை அப்பாவை எதிர்த்து ஓடுகிற கதை, மறுபடியும்! பதினாறு வயசு டிம்பிளும் ரிஷியும் நாட்டையே ஒரு கலக்குக் கலக்கினார்கள். மகனைத் தூக்கி நிறுத்த அப்பா எடுத்த படம் என்று எல்லோரும் பேசினார்கள். ரிஷி கபூர் பல பேட்டிகளில் இதை மறுத்திருக்கிறார். 'ஜோக்கர்' கடனை அடைக்கத்தான் 'பாபி'. ராஜேஷ் கன்னாவைப் போடப் பணம் இல்லை, அதனால் நான் வந்தேன் என்பது அவர் வாக்குமூலம்.

யோசித்துப் பாருங்கள். மார்க்கெட்டில் ஹீரோ வாங்க வசதியில்லாத ஒரு தகப்பன், வீட்டில் இருந்த பையனை எடுத்து வைத்துச் சமாளித்திருக்கிறார். பெட்டிக்கடைக்காரர் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாமல் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைப்பதில்லையா, அதேதான்! கடன் அடைந்தது. ஸ்டுடியோ மீண்டது.

கல்லாவில் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. வீட்டுப் பெண்களுக்கு இல்லை. 'பிரேம் ரோக்' (1982) என்று விதவை மறுமணத்துக்காக உருகி உருகிப் படம் எடுத்தவர் வீட்டு மருமகள்கள் பபிதாவும் நீத்து சிங்கும், இருவரும் பெயர் பெற்ற நடிகைகள், கல்யாணத்துக்குப் பிறகு மேக்கப்பைத் துடைத்துவிட்டார்கள். ராஜ் கபூர் போன பிறகு, 1991-ல்தான் பேத்தி கரிஷ்மா அந்த வாசலைத் தாண்டினார். 'ஆவாரா' ஜட்ஜ் இதற்கு என்ன தீர்ப்பு சொல்லியிருப்பாரோ!

1985-ல் 'ராம் தேரி கங்கா மைலி'. கடைசி மகன் ராஜீவ் கதாநாயகன். பிரமாதமாக ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு ராஜீவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி படங்கள் அமையவில்லை. அதே அப்பா, அதே ஸ்டுடியோ, அதே முத்திரை. ரிஷிக்குப் பலித்தது ராஜீவுக்குப் பலிக்கவில்லை. இதற்கு எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் ஃபார்முலா கிடையாது.

1988 மே 2-ம் தேதி, டெல்லி. தாதா சாகேப் பால்கே விருது வழங்கும் விழா. அப்பாவுக்குக் கொடுத்த அதே விருது, இந்தத் தடவை ராஜுக்கு. அவருக்கு ஆஸ்துமா. பெயரைக் கூப்பிடும்போது மூச்சு முட்டி, எழுந்து நடக்க முடியாமல் இருக்கையிலேயே தவித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஜனாதிபதி நிற்க வேண்டிய இடம், நகர வேண்டிய அடி எல்லாவற்றுக்கும் விதிமுறை உண்டு. ஆர்.வி. எதையும் பார்க்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, அவர் இருந்த இடத்துக்கே வந்து விருதைக் கொடுத்தார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. சரியாக ஒரு மாசம். ஜூன் 2-ம் தேதி ராஜ் கபூர் காலமானார், அறுபத்து மூணு வயசில்.

எல்லைக்கு அப்பால் அடித்துச் செல்லப்படும் ஒரு இந்தியன், அங்கே ஒரு பாகிஸ்தானியப் பெண் என்று அவர் திட்டம் போட்டு வைத்திருந்த 'ஹென்னா'வை ரந்தீர் எடுத்து முடித்து 1991-ல் வெளியிட்டார். ஹீரோ ரிஷி. அப்பா விட்ட வேலையைப் பிள்ளைகள் முடித்தார்கள்.

ஸ்டுடியோ? 2017-ல் தீப்பிடித்தது. பழைய படங்களின் உடைகள் கருகிப் போயின. 2019-ல் குடும்பம் அதை கோத்ரெஜ் கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. சுமார் இரண்டே கால் ஏக்கர்.

பெஷாவர் ஹவேலி கை மாறிப் பல வருஷமாகிவிட்டது. அதை வாங்கி மியூசியமாக்க அந்த மாகாண அரசு முடிவு செய்து, மனை அளவு, செங்கல், மரம் எல்லாம் கணக்குப் பார்த்து ஒன்றரைக் கோடி பாகிஸ்தான் ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. 2021-ல் கட்டடத்தின் சொந்தக்காரர் அதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார். அவர் கேட்ட விலை இருநூறு கோடி.